வடக்கே போக வேண்டுமா, முதலில் தெற்கே போ

இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையில் விமானத்தில் பறந்த முதல் பெண் பயணி சீதை. வரும்போது எந்த வாகனம் என்பதில் வான்மீகிக்கும் கம்பருக்கும் எங்களூர்க் கூத்துக்கும் ஒத்துவராது. திரும்பிப் போனது புஷ்பக விமானத்தில் என்பதில் மட்டும் எல்லோரும் ஒரே பேச்சு. அந்த விமானம் குபேரனுடையது. தம்பி முறையான இராவணன் அடித்துப் பறித்து வைத்திருந்தான். ஆக, எங்கள் வட்டாரத்தின் முதல் விமானமே கடத்தல் விமானம். சண்டை முடிந்ததும் விபீஷணர் அதை இராமரிடம் கொடுக்க, இராமர் சீதைக்கு மேலிருந்து ஒவ்வோர் இடமாகக் காட்டிக்கொண்டு போனார். இது நாங்கள் கட்டின அணை, அது சுக்கிரீவனின் கிட்கிந்தை. சீதை கேட்டார் என்று கிட்கிந்தையில் இறக்கி வானரப் பெண்களையும் ஏற்றினார்கள். வீசா இல்லை, சுங்கம் இல்லை, பொதி நிறுக்கவில்லை. அப்படியொரு சேவை அதற்குப் பிறகு நடந்ததாகத் தகவல் இல்லை.

அனுமாருக்கு விமானம் கிடைக்கவில்லை. பாய்ந்தார். பாய்ந்த தூரம் நூறு யோசனை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு யோசனை ஐந்து மைல் என்பாரும் உண்டு, எட்டு மைல் என்பாரும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் 800 கிலோமீற்றருக்கும் 1,300 கிலோமீற்றருக்கும் இடையில் வருகிறது. தலைமன்னாரில் இருந்து தனுஷ்கோடி முப்பது கிலோமீற்றர்தான். வான்மீகி முனிவர் தூரத்தைக் கூட்டிவிட்டார் என்று பள்ளிக்கூட நாளில் நாங்கள் பகிடி பண்ணியதுண்டு. முனிவரின் கணக்கு எங்கே சரிவருகிறது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கொக்குவில். யாழ்ப்பாணப் பட்டினத்தில் இருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே போனால் வரும் ஊர். ஒரு ரயில் நிலையம், ஓர் இந்துக் கல்லூரி, மஞ்சவனப்பதி முருகன், செம்மண் தோட்டங்களில் புகையிலை. ஒருகாலத்தில் சுருட்டுக் கொட்டில்களும் நிறைய. கொட்டிலில் ஒருவர் பேப்பரை உரத்து வாசிக்க, மற்றவர்கள் சுருட்டைச் சுற்றிக்கொண்டே கேட்பார்கள். அதனால் ஊரில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்த காலத்திலும் உலக அரசியலுக்குத் தட்டுப்பாடு வரவில்லை.

இந்த ஊரில் இருந்து பலாலி விமான நிலையம் பத்துப் பதினைந்து கிலோமீற்றர். பலாலியில் இருந்து சென்னை மீனம்பாக்கம் நேர்கோட்டில் சுமார் 355 கிலோமீற்றர். பலாலியில் இருந்து கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானை சுமார் 330. கொக்குவில்காரருக்குத் தலைநகரும் தி.நகரும் ஏறக்குறைய ஒரே தூரம். திருச்சி இன்னும் கிட்ட, 185 கிலோமீற்றருக்குள். இந்தத் தூரங்களை எந்த அரசாங்கமும் கூட்டவோ குறைக்கவோ முடியவில்லை. பறக்கும் நேரத்தை மட்டும் ஒரு மணித்தியாலத்துக்கும் நாற்பது வருசத்துக்கும் இடையில் ஏற்றி இறக்கி விளையாடினார்கள்.

வெள்ளைக்காரன் காலத்தில் விளையாட்டு ரயிலில் நடந்தது. 1905இல் கொழும்பில் இருந்து யாழ்ப்பாணம் வரை தண்டவாளம் முழுதாக இணைந்தது. 1914இல் தலைமன்னார்ப் பாதையும் தனுஷ்கோடிக் கப்பலும் வந்தன. இனிச் சென்னை போவது சுகம் என்று கொக்குவில் ஸ்ரேசனில் ஏறியவர் எங்கே போனார்? தெற்கே. யாழ்ப்பாணம், ஆனையிறவு, வவுனியா எல்லாம் கடந்து மதவாச்சி வரை தெற்கே போய், அங்கே வண்டி மாறி வடமேற்கே திரும்பித் தலைமன்னார்த் துறைக்கு வந்து, கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கி, மறுபடி ரயிலேறி எழும்பூர் போய்ச் சேர்ந்தார். வடக்கே இருக்கிற ஊருக்குப் போக முதலில் முதுகைக் காட்டிக்கொண்டு புறப்பட வேண்டும் என்ற நியாயம் அன்றைக்குத் தொடங்கியது.

வல்வெட்டித்துறைக்காரர் இந்த நியாயத்தை மதித்தவர்கள் அல்லர். அவர்களுக்குக் கோடிக்கரை அறுபது கிலோமீற்றர், காற்றுச் சரியென்றால் ஓர் இரவு. மாலையில் படகேறி, அக்கரையில் எம்.ஜி.ஆர். படம் பார்த்துவிட்டு, விடிய வந்து கஞ்சி குடித்தார்கள் என்று ஊர்க்கதை. சேலையும் கூடவே வந்தது, சுங்கம் மட்டும் வரவில்லை. அவர்கள் துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. தண்டையல்மார் அத்திலாந்திக்கைப் பாயில் தாண்டிய அந்தக் காலத்தில், கொக்குவில் கனவான் கோட்டும் சால்வையுமாக மதவாச்சியில் வண்டி மாறிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. ஜப்பான்காரன் வருவான் என்ற பயத்தில் பிரித்தானிய வான்படை பலாலியில் ஓடுபாதை போட்டது. ஜப்பான்காரன் பலாலிப் பக்கம் வரவில்லை. ஓடுபாதை மிஞ்சியது. அதில் ஏதாவது ஓட வேண்டுமே.

1947 டிசெம்பர் 10. எயர் சிலோன் தனது முதல் சேவையைத் தொடங்கியது. இரத்மலானையில் எழும்பி, காங்கேசன்துறை என்ற பெயரில் பலாலியில் இறங்கி, அங்கிருந்து மதராஸ். விமானம் டக்கோட்டா. நிறுவனத்திடம் மூன்று டக்கோட்டாக்கள் இருந்தன, மூன்றுக்கும் தேவிமாரின் பெயர். அன்று பறந்த விமானத்தின் பெயர் சீதாதேவி! இலங்கையில் இருந்து இந்தியாவுக்குத் திரும்பிப் போன அம்மாளின் பெயரையே அந்த வழியில் ஓடும் விமானத்துக்கு வைத்தவர், இராமாயணம் படிக்காத அப்பாவியாக இருக்க வேண்டும். அல்லது நன்றாகப் படித்த குறும்பராக இருக்க வேண்டும். எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை.

திகதியை இன்னொரு முறை பாருங்கள். இலங்கை சுதந்திரம் பெற்றது 1948 பெப்ரவரி 4இல். நாட்டுக்குச் சுதந்திரம் வருவதற்கு முன்பே யாழ்ப்பாணத்துக்கு வெளிநாட்டு விமான சேவை வந்துவிட்டது. பிறகு நாடு சுதந்திரமடைந்து, படிப்படியாக அந்த வசதியைச் சரிசெய்தது.

அன்றைய டக்கோட்டா மணித்தியாலத்துக்கு முந்நூறு கிலோமீற்றருக்குள் ஓடும். கணக்குப் பார்த்தால் பலாலியில் இருந்து மதராஸ் ஒன்றேகால் மணித்தியாலம், காற்றெதிர்த்தால் கொஞ்சம் கூட. மாவிட்டபுரத்தில் பூசை மணி கேட்டு வீட்டை விட்டுப் புறப்பட்டவர் மத்தியானச் சாப்பாட்டை மைலாப்பூரில் சாப்பிடலாம். கூறைச்சேலை எடுக்க, கண் வைத்தியம் பார்க்க, சிதம்பரத்துக்கு நேர்த்தி தீர்க்க, கச்சேரி கேட்க என்று வசதியுள்ள சனம் பறந்தது. வசதியில்லாத சனம் கொட்டிலில் சுருட்டைச் சுற்றிக்கொண்டு தலைக்கு மேலே போகிற இரைச்சலைக் கேட்டது.

ரயில் வழிக்குக் கெட்ட காலம் 1964 டிசெம்பரில் வந்தது. புயல் தனுஷ்கோடியை ஓர் இரவில் துடைத்தது. கப்பல் இராமேஸ்வரத்துக்கு மாறி இன்னும் இருபது வருசம் ஓடியது. வான் வழிக்குக் கெட்ட காலம் 1978 செப்டெம்பர் 7. ஜே.ஆர். ஜயவர்த்தன புதிய அரசியலமைப்பை நடைமுறைக்குக் கொண்டுவந்த நாள். பலாலியில் இருந்து போய் இரத்மலானையில் இறங்கி நின்ற எயர் சிலோனின் அவ்ரோ குண்டு வெடித்து எரிந்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. எயர் சிலோன் நிறுவனத்துக்கு அதற்கு முன்பே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அடுத்த வருசம் எயர் லங்கா பிறந்தபோது அது லண்டனைப் பார்த்தது, பலாலியைப் பார்க்கவில்லை.

எண்பதுகளில் பலாலி படைமுகாமானது. கப்பல் 1984இல் நின்றது. இதற்கிடையில் இந்தியாவில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானமே வரவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வந்தது, ஒரு வித்தியாசமான சேவை. 1987 ஜூன் 3ஆம் திகதி இந்தியா சாப்பாட்டுப் பொருளுடன் பத்தொன்பது படகுகளை அனுப்ப, இலங்கைக் கடற்படை வழிமறித்துத் திருப்பி அனுப்பியது. மறுநாள் ஐந்து அன்ரனோவ் விமானங்கள் மிராஜ் போர்விமானங்கள் காவலுக்கு வர பெங்களூரில் இருந்து எழும்பி, யாழ்ப்பாணத்தின் மேல் அரிசியும் பருப்பும் போட்டுவிட்டுப் போயின. பெயர் பூமாலை நடவடிக்கை. விமானம் தரையில் இறங்கவில்லை, பயணி ஒருவருமில்லை, பொதிகள் மட்டும் சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தன. இன்றைக்கு விமானத்தில் போகிறவர்களுக்கு நேர்மாறான அனுபவம் அல்லவா!

இரண்டு மாதம் முடியுமுன் இலங்கை இந்திய ஒப்பந்தம் எழுதப்பட்டது. இந்திய அமைதிப்படை வந்து இறங்கியது பலாலியில்தான். 1987 ஜூலை முடிவில் தொடங்கி 1990 வரை, சென்னைக்கும் பலாலிக்கும் இடையில் சரித்திரத்திலேயே அதிகமான விமானங்கள் பறந்த காலம் அது. எங்கள் சனம் கேட்ட சேவை கேட்டதைவிடக் கூடுதலாகவே கிடைத்தது. இருக்கை முழுக்கச் சீருடை. வந்த பயணிகள் நகரத்தைச் சுற்றிப் பார்த்த விதம் பற்றி 1987 ஒக்ரோபரைக் கண்ட கொக்குவில்காரரிடம் கேளுங்கள். அவர்கள் அதைப் பகிடியாகச் சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை.

1990 ஜூனில் மறுபடி சண்டை. ரயில் நின்றது. ஆனையிறவால் பாதை இல்லை. கொழும்புக்குப் போகிறவர் புலிகளிடம் ஆள்பிணை வைத்துப் பாஸ் எடுத்து, கிளாலிக் கடலை இரவில் வள்ளத்தில் கடந்து, வவுனியாவில் ஆமியிடம் இன்னொரு பாஸ் எடுக்க வேண்டும். கடற்படையின் சூட்டில் அந்தக் கடலில் செத்தவர்கள் பலர். 1996இல் குடாநாடு படையின் கைக்கு வந்த பிறகு பலாலியில் இருந்து இரத்மலானைக்குத் தனியார் விமானம் பறந்தது. பறக்கும் நேரம் ஒரு மணித்தியாலமளவு. அதற்கு முதல் பாதுகாப்பு அமைச்சின் அனுமதிக்குக் காத்திருக்கும் நேரத்தை எந்த அட்டவணையிலும் போடவில்லை. 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியில் இருந்து எழும்பிய லயன் எயர் விமானம் மன்னார்க் கடலின் மேல் சுட்டு வீழ்த்தப்பட்டது. உள்ளே 55 பேர். விமானத்தின் சிதைவைக் கடலடியில் கண்டது 2012இல்.

இதே காலத்தில் எங்கள் பெடியள் உலகத்தின் மிக நீண்ட விமானப் பயணங்களைச் செய்துகொண்டிருந்தார்கள். கொழும்பில் இருந்து பிராங்போட் நேரடியாகப் போனால் பத்து மணித்தியாலம். ஏஜென்சிக்காரரிடம் காசைக் கட்டினால் பத்து மாதம், அதிர்ஷ்டம் இல்லையென்றால் பத்து நாடு. எண்பதுகளின் முற்பகுதியில் வழி இன்னும் இலகுவாக இருந்தது. கிழக்கு பேர்லினில் இறங்கினால் நகர ரயிலேறி மேற்கு பேர்லினுக்குப் போய்விடலாம். உலகத்தின் இரண்டு வல்லரசுகள் நாற்பது வருசம் முறைத்துக்கொண்டு நின்ற எல்லையைக் கொக்குவில் பெடியன் ரயில் ரிக்கற்றுடன் தாண்டினான். 1985க்குப் பிறகு கிழக்கு ஜேர்மனி அந்தக் கதவைச் சாத்தியது. அடுத்த வருசம் ஆகஸ்ட் 11ஆம் திகதி கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மிதந்தார்கள். மீன்பிடிக்கப் போனவர்கள் கண்டு கரைசேர்த்தார்கள். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டபோது இந்தியாவில் இருந்து என்று சொல்லியிருக்கிறார்கள். ஜேர்மனியில் இருந்து வந்தது பிறகு வெளிப்பட்டது. வடக்கே போக முதலில் தெற்கே போகிற சனம் அது. நேர்வழியைச் சொன்னால் யார் நம்புவார்கள் என்று நினைத்திருக்கலாம்.

அவர்கள் போய்ச் சேர்ந்த இடத்தையும் பாருங்கள். பலாலி கிழக்கே 80 பாகை நெடுங்கோட்டில் இருக்கிறது. ரொறன்ரோ விமான நிலையம் மேற்கே ஏறத்தாழ 80 பாகையில். இரண்டுக்கும் இடையில் சுமார் 13,700 கிலோமீற்றர். உருண்டையில் நூல் பிடித்துப் பார்த்தால் மிகக் குறுகிய வழி வடதுருவப் பக்கமாகப் போகிறது. எண்பதில் பிறந்து எண்பதுக்கே போய்க் குடியேறிய சனத்துக்கு நேரடி விமானம் இன்றைக்கும் இல்லை. டுபாயிலோ டோஹாவிலோ இறங்கி, நாலு மணித்தியாலம் கதிரையில் நித்திரை கொண்டு, மறுபடி ஏற வேண்டும். ரொறன்ரோவில் இருந்து கொக்குவில் திருவிழாவுக்கு வருகிறவர் கட்டுநாயக்கவில் இறங்கியதும் கேட்கிற முதல் கேள்வி, "இனி எவ்வளவு நேரம்?" அழைக்க வந்த மச்சான் சொல்லுவார், "இரவு பஸ்தான், விடியப் போயிடலாம்." பூமியின் பாதியை ஒரு நாளில் தாண்டியவருக்கு மிச்சம் 400 கிலோமீற்றர் ஓர் இரவு.

இப்போது வான்மீகியின் கணக்குக்கு வருவோம். சண்டை 2009இல் முடிந்தது. பாதை திறந்தது. 2014 ஒக்ரோபரில் யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாணம் வந்தது. ஆனால் சென்னைக்குப் போக வேண்டுமென்றால் 2019 வரை ஒரே வழி, கட்டுநாயக்க. கொக்குவில்காரர் மாலையில் பஸ்ஸேறி 400 கிலோமீற்றர் தெற்கே போய், விடிய விமான நிலையத்தில் வரிசையில் நின்று, விமானமேறி 645 கிலோமீற்றர் வடக்கே பறக்க வேண்டும். கூட்டினால் 1,045 கிலோமீற்றர். நேர்வழியைப்போல மூன்று மடங்கு. அனுமாரின் நூறு யோசனை 800க்கும் 1,300க்கும் இடையில் என்றோமே? நட்டநடுவில் வந்து உட்காருகிறது. முனிவர் பொய் சொல்லவில்லை. அனுமார் கட்டுநாயக்க ஊடாக வந்திருக்கிறார்.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. ஒரு வரைபடமும் அடிமட்டமும் எடுங்கள். கட்டுநாயக்கவில் ஒரு புள்ளி, மீனம்பாக்கத்தில் ஒரு புள்ளி. இரண்டையும் நேராக இணையுங்கள். கோடு பலாலிக்கு மேலாகப் போகாது, ஐந்தாறு கிலோமீற்றர் மேற்கே விலகும். பருத்தித்துறைக்கு மேலாகவும் போகாது. மிகச் சரியாகக் கொக்குவிலுக்கு மேலாகப் போகிறது, ஒரு கிலோமீற்றர் இப்படி அப்படி. விமானி காற்றையும் முகிலையும் பார்த்து விலகிப் போகலாம், அது வேறு கதை. கணக்குப்படி, கொக்குவில்காரர் வீட்டைப் பூட்டி, தெற்கே இரவிரவாகக் குலுங்கிப் போய், ஆயிரக்கணக்கில் காசு கட்டி விமானமேறி, முப்பதாயிரம் அடி உயரத்தில் தன் வீட்டு முகட்டைத் தாண்டிச் சென்னை போகிறார். யன்னலோரத்தில் இருந்தால் கிணற்றடியில் விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

2019 ஒக்ரோபர் 17ஆம் திகதி ஜனாதிபதி சிறிசேனவும் பிரதமர் ரணிலும் பலாலிக்கு வந்து யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையத்தைத் திறந்தார்கள். சென்னையில் இருந்து அலையன்ஸ் எயர் விமானம் வந்திறங்கியது. நவம்பர் 11இல் பயணிகள் சேவை தொடங்கியது. நாற்பது வருசத் தவத்துக்குப் பலன் என்று சனம் தேங்காய் உடைத்தது. நாலு மாதத்தில் கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் கதவு சாத்தியது. மறுபடி திறந்தது 2022 டிசெம்பர் 12. இந்தக் குடாநாட்டுக்குச் சீனத்து வைரஸ் கூட விமானத்தை நிறுத்தத்தான் வந்தது என்று ஒரு பெரியவர் சொல்லி அலுத்துக்கொண்டார்.

கப்பலும் சும்மா இருக்கவில்லை. 2023 ஒக்ரோபர் 14ஆம் திகதி நாகபட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்குச் செரியாபாணி என்ற கப்பலைப் பிரதமர் மோடி காணொளி வழியாகத் தொடங்கி வைத்தார். ஒரு வாரமளவில் நின்றது. மாரிகாலம் வருகிறதாம். மாரி ஐப்பசியில் வரும் என்பது அதிகாரிகளுக்குப் புதுச் செய்தி போலிருக்கிறது. அடுத்த ஆகஸ்டில் சிவகங்கை என்ற வேறு கப்பல் வந்தது.

2024 செப்டெம்பர் 1இல் இண்டிகோ சென்னையில் இருந்து யாழ்ப்பாணத்துக்குப் பறந்தது. 2025 மார்ச் 30இல் திருச்சிச் சேவையும் சேர்ந்தது. விமானம் ஏ.ரி.ஆர். 72. மணித்தியாலத்துக்கு ஐந்நூறு கிலோமீற்றர் ஓடக்கூடியது. அட்டவணையில் சென்னைக்கு எவ்வளவு நேரம் போட்டிருக்கிறார்கள் தெரியுமா? ஒன்றேகால் மணித்தியாலமளவு. சீதாதேவி டக்கோட்டாவுக்குக் கணக்கில் வந்த அதே நேரம். இடையில் மனிதன் சந்திரனுக்குப் போய்த் திரும்பியும் வந்தான்.

நான் குறை சொல்ல வரவில்லை. ஒன்றேகால் மணித்தியாலம் எங்களுக்குப் பெரிய காரியம். ஆனால் எங்கள் சனத்தின் பழக்கம் எனக்குத் தெரியும். பலாலி ரிக்கற் ஆயிரம் ரூபா கூட என்றால், கொழும்பால் போனால் தங்கச்சி வீட்டையும் பார்க்கலாம், வெள்ளவத்தையில் ஒரு தேத்தண்ணியும் குடிக்கலாம் என்று கணக்குப் போட்டுத் தெற்கே திரும்பிவிடுவார்கள். இருக்கை காலியாகப் பறந்தால் எந்த நிறுவனமும் நாலு மாதத்துக்கு மேல் பொறுக்காது. நிறுத்தினால் திரும்ப வர எத்தனை வருசம் எடுக்கும் என்பதற்கு மேலே எழுதிய அத்தனையும் சாட்சி.

ஆகையால் தி.நகருக்குக் கூறை எடுக்கப் போகிறவர்களே, வேலூருக்கு வைத்தியத்துக்குப் போகிறவர்களே, திருவண்ணாமலைக்கு நேர்த்தி வைத்தவர்களே, ரிக்கற் போடும்போது புறப்படும் இடம் என்ற கட்டத்தில் பழக்கதோஷத்தில் விரல் கொழும்பு என்று அடிக்கும். அதை அழித்துவிட்டு யாழ்ப்பாணம் என்று அடியுங்கள். தங்கச்சி வீட்டுக்குத் தைப்பொங்கலுக்குப் போகலாம்.